கப்பலுக்கு ஆக்டிங் ஆள்

அத்தியாயம் 9

போன வாரம் சௌந்திரத்தை மல்லசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில், கையில் ஒரு பெட்டியும் தோளில் ஒரு பையுமாக இறக்கி விட்டிருந்தோம். கோவாவிலிருந்து மூன்று வண்டி மாறி, தம்பி தங்கசாமியின் நிச்சயத்துக்காக வந்திருக்கிறாள். ஒரு வார லீவு. அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்காது. பதினோரு நாளில் கப்பல் கிளம்புகிறது.

எந்தக் கப்பல் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். தெற்கே, இன்னும் தெற்கே என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் கடலே உறைந்து பாறையாகக் கிடக்கும் இடம் வரும். அந்தப் பனியை இடித்து, பின்னால் போய், மறுபடியும் வந்து இடித்து, வழி பண்ணிக்கொண்டு போகிற கப்பல். அதில் நாற்பத்திரண்டு விஞ்ஞானிகள். காற்றை அளக்கிறவர் ஒருவர், கல்லைத் தட்டிப் பார்க்கிறவர் ஒருவர், கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கிறவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் தன் வேலைதான் உலகத்திலேயே முதல் வேலை.

கப்பல் எங்கே நிற்க வேண்டும், இன்றைக்கு ஹெலிகாப்டரில் யார் ஏற வேண்டும், யாருடைய பெட்டி முதலில் பனியில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்து, சண்டை தீர்த்து, அத்தனை பேரையும் வேலை முடித்துக் கூட்டி வருகிற பொறுப்பு இந்தத் தடவை சௌந்திரத்துடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனபோது அவளும் கூட்டத்தில் ஒருத்தி. இந்தத் தடவை அவள் சொன்னால்தான் ஒரு பெட்டி நகரும்.

இல்லை, நகரும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்.

அன்றைக்குத்தான் நிச்சயம். சங்ககிரியில், பெண்ணின் அப்பா கந்தப்பன் வீட்டில், ராகு காலம் கழிந்து மூன்றரைக்குத் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. வீட்டில் அம்மா பூவாத்தாள் தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். தபால்காரர் அப்புசாமி வாசலில் மணி அடித்து, தங்கசாமி பேருக்கு ரிஜிஸ்தர் தபால் என்றார். தம்பி லாரி ஷெட்டில் இருந்ததால் சௌந்திரம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

கவரைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோவாவில் அவள் தினமும் கையாளுகிற கவர். அவளுடைய ஆபீஸ் முத்திரை. தம்பிக்கு எதற்கு இவர்கள் எழுதுகிறார்கள்?

பிரித்தாள். இங்கிலீஷில் நாலு வரி. தங்கள் சகோதரியைக் குடும்பக் காரணங்களுக்காக இந்தப் பயணத்திலிருந்து விடுவிக்குமாறு தாங்கள் கேட்டுக்கொண்டதை ஏற்கிறோம். அவருக்குப் பதிலாக டாக்டர் குல்கர்னி பொறுப்பேற்கிறார். இதைச் சகோதரியிடம் தெரிவித்துவிடவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை கடைசி இரண்டு வரியை மட்டும் படித்தாள்.

"இது உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

பூவாத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகள் முகத்தைப் பார்த்ததும் வெற்றிலை அடுக்கின கை நின்றுவிட்டது. அந்தக் கை நின்றதிலேயே பதில் இருந்தது.

"அவன் கெட்ட எண்ணத்துல எழுதலை சாமி" என்றாள் மெதுவாக.

பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சங்ககிரிக்காரர்கள் கல்யாணத்தைத் தையில் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்களாம். சௌந்திரம் பங்குனியில்தான் திரும்பி வருவாள். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இணைச்சீர் சடங்கு செய்த பிறகுதானே மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியும்? கூடப் பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பங்காளி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினால் ஊர் என்ன பேசும்? அதற்காகத்தான் தம்பி இருபது நாளைக்கு முன்னால் இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி ஒரு கடிதம் எழுத வைத்தானாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு ரெண்டு பேருக்கும் தோணலையா?"

பூவாத்தாள் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சௌந்திரம் கடிதத்தை மடித்துக்கொண்டு லாரி ஷெட்டுக்கு நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. செருப்பு மாட்டாமல் வந்துவிட்டது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

தங்கசாமிக்கு இருபத்தொன்பது வயது. அவளுக்கு ஏழு வயது இளையவன். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. அப்பா போன பிறகு இரண்டு லாரியை வைத்து நாணயமாகத் தொழில் பண்ணுகிறான். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, லாரி கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். அக்கா நீட்டிய கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். படித்து முடித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பரவால்லீங்க அக்கா, நல்ல ஆபீசுதான். கேட்டதும் பதில் போட்டுட்டாங்க."

சௌந்திரம் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அவன் விளக்கினான், ரொம்ப நியாயமாக. நம்ம டிரைவர் வீட்டில் ஒரு காரியம் என்றால் நாம் என்ன பண்ணுகிறோம்? அந்த ஒரு நடைக்கு ஆக்டிங் டிரைவரைப் போட்டு வண்டியை அனுப்புகிறோம். லோடு போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த நடைக்கு நம்ம டிரைவர் ஏறிக்கொள்வான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அதைத்தான் வாத்தியாரிடம் சொல்லி எழுத வைத்தானாம். இந்த நடைக்கு ஒரு ஆக்டிங் ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த நடைக்கு எங்கள் அக்காவை அனுப்புகிறோம் என்று.

"அடுத்த நடை எப்போன்னு தெரியுமாடா உனக்கு?"

"ஒரு மாசம், மிஞ்சிப் போனா ரெண்டு மாசம் இருக்குமுங்க."

"ஒரு வருசம். அந்தக் கடல் வருசத்துல மூணு மாசந்தான் வழி உடும். அதுக்குள்ள போய், வேலையை முடிச்சு, வெளிய வந்துறோணும். அடுத்த வருசத்து நடைக்கு இப்பவே பத்துப் பேரு வரிசையில நிக்கறாங்க. இந்த இடத்துக்கு வர எனக்கு ஒம்போது வருசம் ஆச்சு."

தங்கசாமி சீப்பைப் பையில் வைத்தான். அது உள்ளே போகாமல் கீழே விழுந்தது.

"எனக்கு அது தெரியாதுங்களே அக்கா."

"தெரியாதுன்னா கேக்கோணும். உன்ற வண்டியைப் பத்தி நான் புக்கிங் ஆபீசுக்குக் கடுதாசி போட்டனா என்னைக்காச்சும்?"

அவன் தலை குனிந்தான். அவன் மேல் இருந்த கோபம் அதோடு பாதி இறங்கிவிட்டது. ஆனால் மீதிக் கோபம் இறங்குகிற கோபம் இல்லை. அது கோவாவில் இருந்தது.

தபாலாபீஸ் வரைக்கும் அவள் மனசுக்குள் ஆபீஸ் டைரக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். முதல் தடவை போனபோது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். தகப்பன், கணவன் அல்லது காப்பாளர் பெயர் என்று ஒரு கட்டம். அப்பா இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லி, ஊர் பேசிப் பேசி ஓய்ந்தே பல வருஷம் ஆகிறது. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று குமாஸ்தா சொன்னதால் தம்பி பெயரை எழுதினாள். ஏதோ தந்தி கொடுப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். டவுசர் பொத்தான் போடத் தெரியாமல் அவளிடம் வந்து நின்ற பையன், அந்த ஒரு கட்டத்தால் அவளுக்குக் காப்பாளன் ஆகிவிட்டான்.

போன தடவை நடந்த ஒன்றும் ஞாபகம் வந்தது. கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவரின் மனைவி எட்டு மாசக் கர்ப்பிணி. இந்த ஒரு தடவை மட்டும் என் வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள் என்று டைரக்டருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதினாள். அந்தக் கடிதம் கேண்டீனில் கை மாறிக் கை மாறிப் படிக்கப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் கப்பல் ஏறினார். குழந்தை பிறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது ஸ்வீட் கொடுத்தார்கள்.

பெண்டாட்டி எழுதினால் அது சிரிப்பு. தம்பி எழுதினால் உத்தரவு.

தபாலாபீஸில் வெளியூர் போனுக்கு டிரங்கால் பதிவு செய்கிறவர் நசுருல்லா. கோவாவுக்கு அர்ஜென்ட் கால் என்றதும் அவள் வெறுங்காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டார். திருச்செங்கோடு கிடைத்தால் சேலம் கிடைக்காது, சேலம் கிடைத்தால் பெங்களூர் கிடைக்காது, அதனால் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மணியார்டர் வேலையைப் பார்க்கப் போனார்.

பதினொன்றரைக்குப் பதிவு செய்த கால். ஒன்றே முக்கால் ஆகியும் வரவில்லை. வாசலில் வேன் ஹார்ன் கேட்டது. சங்ககிரிக்குப் போகிற கூட்டம். தட்டும் பூவுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் பூவாத்தாள், மகளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

தங்கசாமி இறங்கி உள்ளே வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு தாள்.

"வாத்தியாரைத் தேடிப் புடிச்சு வேற கடுதாசி எழுதியாச்சுங்க அக்கா. முன்னால எழுதுனதை ரத்து பண்ணச் சொல்லி. தந்தியாவும் குடுத்தறலாம்."

சௌந்திரம் வாங்கிப் பார்த்தாள். வாத்தியார் அழகாக எழுதியிருந்தார். என் சகோதரி கப்பலில் செல்வதற்கு நான் மனப்பூர்வமாக அனுமதி அளிக்கிறேன் என்று.

அவள் அதற்குப் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. கோவா லைன்.

டைரக்டரே பேசினார். நல்ல மனிதர் மாதிரி பேசினார். வீட்டில் பிரச்னை என்று நீங்கள் முன்னமே சொல்லியிருக்கலாமே, சங்கடப்படுகிறீர்கள் என்று நினைத்து நாங்களாகவே சுமுகமாக முடித்துவிட்டோம் என்றார். சௌந்திரம் தனக்கு எந்தப் பிரச்னையும் இல்லை, தான் எதையும் கேட்கவில்லை என்றாள். அப்படியா, தம்பி மனசு மாறிவிட்டாரா, ரொம்ப நல்லது என்றார் அவர். அப்படியானால் அவரை ஒரு வரி தந்தி கொடுக்கச் சொல்லுங்கள், பட்டியல் சனிக்கிழமை மாலைதான் கப்பல் ஏஜெண்டுக்குப் போகிறது, உங்கள் பெயரையே போட்டுவிடலாம்.

ஒரு வரி. அந்த ஒரு வரி பக்கத்திலேயே தயாராக நின்றுகொண்டிருந்தது.

லைன் தெளிவாக இருந்ததால் டைரக்டர் சொன்னதில் 'டெலிகிராம்' என்ற வார்த்தை தங்கசாமி காதிலும் விழுந்தது. அவன் கையை நீட்டினான்.

"குடுங்க அக்கா, நானே சொல்லீர்றேன்."

சௌந்திரம் ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். "என்னன்னு சொல்லுவே?"

"எங்கக்கா போகட்டும்னு."

"போகட்டும்னு நீ சொல்லி நான் போனேன்னா, வேண்டாம்னு நீ சொன்னா நான் நிக்கோணும். இன்னிக்கு உனக்கு மனசு எளகி இருக்குது, செரி. அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் நான் தடுக்க மாட்டேனுங்க."

"தடுக்க மாட்டேன்னு சொல்றே பாரு. அதையே நீ சொல்லக் கூடாது தங்கசாமி. அது உன்ற கையில இருக்கக் கூடாது."

அவனுக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஆனால் நீட்டின கையை மடக்கிக்கொண்டான்.

அவள் உள்ளங்கையை எடுத்தாள். இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். "தம்பி எழுதியது தம்பியின் கடிதம். என்னைக் கேட்டு அவன் எழுதவில்லை, என்னைக் கேட்டு நீங்களும் முடிவு செய்யவில்லை. இன்னொரு கடிதம் அவனிடமிருந்து வராது. நான் சனிக்கிழமை வேலைக்கு வருகிறேன்."

அந்தப் பக்கம் சுமுகம் போய்விட்டது. இப்போதைக்கு அவள் பெயர் பட்டியலில் இல்லை என்றும், குடும்பத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றும், அவ்வளவு தூரம் அலைந்து வருவதில் பிரயோசனம் இருக்காது என்றும் டைரக்டர் சொன்னார். ஒரு நிமிஷம் இருங்கள், குல்கர்னி உங்களிடம் ஏதோ கேட்க வேண்டுமாம் என்று ரிசீவரைக் கை மாற்றினார்.

குல்கர்னி கெட்டவர் இல்லை. குரல் தடுமாறியது. திங்கட்கிழமை காலை சரக்கு ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். எந்தப் பெட்டி எங்கே என்கிற வரைபடம் அவருக்குக் கிடைக்கவில்லை. போனிலேயே சொல்ல முடியுமா என்று கேட்டார்.

சௌந்திரம் கண்ணை மூடினாள். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு அவள் வேண்டும். நாற்பத்திரண்டு பேர் இருக்கிற கப்பலில், அவள் மட்டும்தான் நாலு மாசமாக ஒவ்வொரு பெட்டியையும் அளந்து இடம் போட்டவள்.

ஆனால் போன தடவை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். கப்பலில் முதலில் ஏற்றினது கடைசியில்தான் வெளியே வரும். யாரோ கூடாரத்தை அடியில் போட்டு, மேலே சிமெண்ட் மூட்டையை அடுக்கிவிட்டார்கள். பனியில் இறங்கின பன்னிரண்டு பேர், காற்று எழும்பின பிறகு, ஒதுங்க இடமில்லாமல் பதினோரு மணி நேரம் நின்றார்கள். ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். "கூடாரம், ஸ்டவ், மருந்துப் பெட்டி, ரேடியோ. இந்த நாலும் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏற வேண்டும். மேலே இருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் இதை மாற்றாதீர்கள்."

அவர் எழுதிக்கொண்டார். மீதி என்று இழுத்தார்.

"மீதி முந்நூறு பெட்டி இருக்கிறது. போனில் சொல்கிற விஷயமில்லை. சனிக்கிழமை என் மேஜைக்கு வாருங்கள். நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று எழுதுங்கள்."

நசுருல்லா நேரம் முடிந்தது என்று விரலைக் காட்டினார். லைன் அறுந்தது. வேன் மறுபடியும் ஹார்ன் அடித்தது.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி, சௌந்திரம் தன் பெட்டியை எடுத்து ஏற்றிக்கொண்டாள். பூவாத்தாள் செருப்பைக் கீழே வைத்து மகள் காலடிக்குத் தள்ளினாள். திருச்செங்கோடு தாண்டின பிறகு ஒரு தடவை கேட்டாள்.

"அந்தப் பனியில உனக்கு என்னதான் சாமி வெச்சிருக்குது?"

"வேலைம்மா" என்றாள் சௌந்திரம். "தம்பிக்கு ரோட்டுல வெச்சிருக்குதே, அதுதான்."

கந்தப்பன் வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. போர்வெல் வண்டி வைத்திருப்பவர், உரக்கப் பேசுகிறவர். வாங்க வாங்க என்று எல்லோரையும் உட்கார வைத்தார். வேனில் வந்த பெண்கள் காபி குடித்துக்கொண்டே தபாலாபீஸ் விஷயத்தை உள் கூடம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றரை ஆயிற்று. இரண்டு பக்கமும் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார்கள். தையில் எந்த முகூர்த்தம் என்று பெரியவர் ஒருவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

அப்போதுதான் தங்கசாமி எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

"மாமா, தையில வேண்டாங்க. வைகாசியில வெச்சுக்கலாம். எங்கக்கா தையில கப்பல்ல இருப்பாங்க. அவங்க இல்லாம எனக்கு இணைச்சீர் வேண்டாங்க."

கந்தப்பன் நீட்டின தாம்பாளம் அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் பின்னால் போயிற்று.

"கப்பல்ல உங்கக்காளுக்கு இடமே இல்லைன்னுட்டாங்களாமே மாப்ளே" என்றார். "போறதே நிச்சயமில்லாத கப்பலுக்காக என்ற பொண்ணு கண்ணாலம் ஆறு மாசம் காத்துக்கிட்டு நிக்கோணுமா?"

பூவாத்தாள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போறது நிச்சயமுங்க" என்றாள் சௌந்திரம்.

கந்தப்பன் அவள் பக்கம் திரும்பினார். "யாரு சொன்னாங்க அம்மிணி?"

"நாந்தாங்க சொல்றேன்."

அவர் தாம்பாளத்தைக் கீழேயும் வைக்கவில்லை, முன்னாலும் நீட்டவில்லை. தங்கசாமி உட்காரவில்லை. யார் முதலில் கண்ணைத் தாழ்த்துவது என்பது போல மாமனாரும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலரைக்குச் சேலம் பஸ். அதை விட்டால் ராத்திரி பெங்களூர் வண்டி போய்விடும், பெங்களூர் வண்டியை விட்டால் சனிக்கிழமை போய்விடும். சௌந்திரம் எழுந்து, அம்மா தோளைத் தொட்டுவிட்டு, வேனிலிருந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

வாசல் படி இறங்கும்போது பக்கத்து அறை ஜன்னலில் பட்டுச்சேலை தெரிந்தது. கல்யாணப் பெண் வசந்தாமணி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க நங்கை" என்றாள்.

தட்டு இன்னும் மாறவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அக்காவை முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அதுவும் முற்றத்தில் இருக்கிற அப்பா காதில் விழுகிற மாதிரி.

சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள். கந்தப்பனும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தாம்பாளம் கையிலேயே இருக்க.

நின்று பார்க்க நேரமில்லை. ரோட்டு முனையில் பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தி, முன்படியில் ஏறி, பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். கூட யாராவது வருகிறார்களா என்று அவள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆளுதாங்க" என்றாள் சௌந்திரம். "சேலம் ஒண்ணு குடுங்க."